கணினியின் நினைவுப் பிறழ்ச்சியும் அதனை ஆராய்ந்தறியும் முறையும்

கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது முன்னறிவித்தல் எதுவுமின்றி உறைந்துபோதலும், நீலத்திரையிற் சில சொற்களைக் காட்டி நின்றுவிடுதலும், தானே அணைந்து மீள எழுதலும் அதனைக் கையாள்வார் பலரும் கண்டனவே. இவை நாள்தோறும் ஒரே வேளையில் நிகழுமாயின் காரணத்தை எளிதிற் கண்டுவிடலாம். வாரத்துக்கொருமுறை, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு செயலைச் செய்கையில் நிகழ்வதே இடர்ப்பாடு. அவ்வாறான வேளைகளில் வைரசு என்பார் ஒருவர்; பணிசெயல் முறைமையை அழித்துப் புதிதாய் நிறுவுக என்பார் மற்றொருவர். நினைவகத்தை ஐயுறுவார் மிகச் சிலரே. ஆயினும் இத்தகைய தடுமாற்றத்துக்கு நினைவகப் பழுது ஒரு முதன்மையான காரணமாதலின், அதன் இயல்பையும் அதனை ஆராயும் நெறியையும் ஈண்டு எடுத்துரைப்பாம்.

இற்றைக் கணினிகளின் நினைவகம் 1966 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் டெனாட் என்பார் கண்ட அமைப்பினையே அடிப்படையாய் உடையது. ஒரு திரான்சிற்றர், ஒரு கொள்ளளவி ஆகிய இரண்டினால் ஆகிய சிற்றறை ஒன்று ஒரு பிற்றினைத் தாங்கும். கொள்ளளவியில் மின்னேற்றம் இருப்பின் ஒன்று எனவும், இல்லையாயின் சுழியம் எனவும் கொள்ளப்படும். அக்கொள்ளளவியோ துளையுள்ள குடத்தை ஒத்தது. அதிலுள்ள மின்னேற்றம் இடையறாது கசிந்துகொண்டேயிருக்கும். ஆகவே வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒவ்வோர் அறையையும் ஒருமுறை படித்து மீள நிரப்புதல் வேண்டும். வெப்பநிலை 85 பாகை செல்சியசைக் கடந்தால் கசிவு மிகுதலின் அக்காலத்தைப் பாதியாகக் குறைப்பர். 8 கிகாபைற்று நினைவகமுடைய எளிய கணினி ஒன்றில் ஏறத்தாழ 6,870 கோடி சிற்றறைகள் உள. அவற்றுள் ஒன்று தன் ஏற்றத்தை உரிய காலம்வரை தாங்க இயலாது போயினும் பிழை தோன்றும். இவ்வளவு கோடி அறைகள் பிழையின்றி இயங்குதலே வியப்பெனல் தகும்.

பிழைகள் இருவகைப்படும். அறை நலமாயிருக்கவும் புறத்தாக்கத்தால் ஒருமுறை மாறிப்போவது ஒரு வகை. இன்ரெல் நிறுவனத்து மே, வூட்ஸ் என்னும் இருவர், சில்லுகளைப் பொதிந்த பீங்கானில் மிகச் சிறிதளவாய்க் கலந்திருந்த யுரேனியம், தோரியம் என்பன வெளியிடும் அல்பாத் துணிக்கைகளே அத்தகைய மாற்றத்துக்குக் காரணமென 1978 இல் எடுத்துக் காட்டினர். வானின்று வரும் அண்டக் கதிர்களும் இதனைச் செய்யவல்லன என்பது அடுத்த ஆண்டிலேயே விளக்கப்பட்டது. மற்றைய வகை, அறையோ அதற்குச் செல்லும் வழியோ பழுதுற்றமையால் மீண்டும் மீண்டும் தோன்றுவது. அண்டக் கதிர்க் கதை கேட்போர்க்குச் சுவை பயப்பதாதலின் பலரும் அதனையே எடுத்துரைப்பர். ஆயின் கூகிள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009 இல் வெளிவந்த ஆய்வு, நினைவகத் தகடுகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை ஓராண்டினுள் பிழை காட்டியமையையும், அப்பிழைகளுட் பெரும்பாலானவை நிலையான பழுதின் பாற்பட்டனவாகலாம் என்பதையும் காட்டிற்று. ஆகவே கணினி அடிக்கடி நின்றுபோகுமாயின் வானத்தைக் குறைகூறுமுன் தகட்டைக் கழற்றிப் பார்த்தலே முறை.

கணினி நின்றுபோதல் தொல்லையெனினும் அதனினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. பிழையுற்ற பிற்று ஒரு முகவரியின் பகுதியாயின் செய்நிரல் செல்லத்தகாத இடஞ்சென்று வீழும், யாவரும் அறிவர். அப்பிற்று ஒரு தரவின் பகுதியாயின் கணினி நில்லாது. பொய்யான எண்ணை மெய்போலக் காட்டித் தன்பாட்டிற் செல்லும். பரீட்சையில் ஒரு மாணவர் பெற்ற புள்ளி 67 என்க. இது கணினியினுள் 1000011 என இருக்கும். இதன் முதலிலுள்ள ஒன்று சுழியமாயின் புள்ளி 3 ஆகிவிடும். ஆசிரியர் ஐயுற்று விடைத்தாளை மீளப் பார்ப்பார். வலமிருந்து நான்காம் இடத்துச் சுழியம் ஒன்றாயினோ புள்ளி 75 ஆகும். இதனை யார் ஐயுறுவர்? மாணவரும் முறையிடப் போவதில்லை. 2003 ஆம் ஆண்டு மே மாதத்தில் பெல்சியத்தில் நடைபெற்ற தேர்தலிலே சார்பேக் என்னும் இடத்தில் வேட்பாளர் ஒருவருக்கு 4,096 வாக்குகள் மிகையாய்ப் பதிவாயின. அவர் பெறக்கூடிய தொகைக்கு அது மேற்பட்டமையாலேயே தவறு வெளிப்பட்டது. 4,096 என்பது இரண்டைப் பன்னிருமுறை பெருக்கி வரும் எண். அதாவது ஒரேயொரு பிற்று மாறியதன் விளைவு. செய்நிரலில் வேறு குற்றம் காணப்படாமையின் அவ்வாறே முடிவுசெய்யப்பட்டது.

இதற்குப் பரிகாரம் நெடுங்காலத்துக்கு முன்னரே காணப்பட்டது. பெல் ஆய்வுகூடத்தில் வார இறுதியில் ஆளின்றி இயங்கிய பொறி, பிழை கண்டவுடன் தம் கணக்கைக் கைவிட்டமை கண்டு வெறுப்புற்ற றிச்சாட் ஹமிங், பிழையை அறியவல்ல பொறி ஏன் அதனைத் திருத்தலாகாது என வினவி, 1950 இல் திருத்தற் குறிமுறையை வெளியிட்டார். அந்நெறியில் 64 பிற்றுகளோடு 8 காவற் பிற்றுகளைச் சேர்த்தால் ஒரு பிழை தானே திருத்தப்படும். இரு பிழைகள் நேர்ந்தால் அறிவிக்கப்படும். சேவையகக் கணினிகள் இதனை உடையன. வீட்டுக்கும் பள்ளிக்கும் விற்கப்படும் கணினிகளிற் பெரும்பாலானவை இல்லாதன. எட்டுக்கு ஒன்று வீதம் கூடுதற் செலவென்பது உண்மையே. எனினும் அச்செலவைக் காட்டிலும் விலைமதிப்புள்ள தரவுகள் வீட்டுக் கணினிகளில் இல்லையென்று விற்பனையாளர் எங்ஙனம் துணிந்தனரோ அறியோம்.

இனி ஆராயும் நெறியைக் காண்போம். மலையிற் புகை கண்டு நெருப்பை அனுமானிக்குந் தருக்க நூலார், புகையுள்ள மடைப்பள்ளியில் நெருப்புண்மையை அன்னுவயத்தாலும், நெருப்பில்லாத நீர்மடுவிற் புகையின்மையை வெதிரேகத்தாலும் நிறுவுவர். நினைவகப் பழுதைத் துணிதற்கும் இவ்விரண்டுமே கருவி. கணினி நின்றது என்னும் ஏது ஒன்றை மட்டும் கொண்டு நினைவகத்தைக் குற்றஞ்சாட்டல் ஆகாது. மின்வழங்கியின் தளர்ச்சி, விசிறியில் தூசு படிந்தமையால் எழும் வெப்பம், வன்தட்டின் பழுது என்பனவும் அதே விளைவைத் தருவனவாம்.

ஆதலின் முதலில் நிகழ்ச்சிகளைக் குறித்து வைத்தல் வேண்டும். ஒரே செய்நிரல், ஒரே இடத்தில் நிற்குமாயின் குற்றம் பெரும்பாலும் அச்செய்நிரலுடையது. வெவ்வேறு செய்நிரல்கள் வெவ்வேறு செய்திகளைக் காட்டி நிற்குமாயின் வன்பொருளை ஐயுறுக. சுருக்கிய பெருங்கோப்பொன்றை விரிக்குங்கால் ஒருமுறை பிழையென்றும் மறுமுறை சரியென்றும் வருமாயின் ஐயம் வலுப்பெறும். நினைவகத்தை நியம வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு இடப்பட்டிருப்பின் அதனை நீக்கி இயல்பு நிலைக்குக் கொணர்ந்த பின்னரே மேற்சொல்லுஞ் சோதனையைத் தொடங்குதல் நன்று. பலர் இவ்வொரு மாற்றத்தாலேயே தீர்வு கண்டுள்ளனர்.

சோதனைக்கென மெம்ரெஸ்ற் 86 போன்ற செய்நிரல்கள் உள; விண்டோசிலும் ஒன்று உடன் வருகின்றது. இவை பணிசெயல் முறைமை எழுமுன் இயங்குவன. அம்முறைமை தான் அமர்ந்திருக்கும் இடத்தைத் தானே சோதிக்க வொண்ணாது அன்றோ? சோதனை நிரல் அறைகள் யாவற்றிலும் சுழியத்தை எழுதிப் படிக்கும். ஒன்றை எழுதிப் படிக்கும். ஒற்றை ஒன்றினை இடத்துக்கிடம் நகர்த்திப் பார்க்கும். எழுதியதை நெடுநேரம் வாளா விட்டு, பின் மங்கியதோ என நோக்கும். ஓரறையை விரைந்து பன்முறை தட்டினால் அயலறை மாறுதலும் உண்டு. இதனை 2014 இல் கார்ணகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் 129 தகடுகளை ஆராய்ந்து 110 இல் கண்டனர். ஒரு சுற்றுப் போதாது. ஓரிரவு முழுவதும் ஓடவிடல் வேண்டும். ஒரு பிழை காணினும் குற்றம் உறுதி. பிழை காணாமை குற்றமின்மைக்குச் சான்றாகாது. அன்றைய வெப்பத்தில், அவ்வேளையில், அது தோன்றவில்லை என்பதே பொருள். பிழை ஒரே முகவரியில் மீள மீள வருமாயின் அறை பழுது. இடம் மாறி மாறி வருமாயின் தொடுகை, மின்னழுத்தம், தாய்ப்பலகை என்பவற்றையும் நோக்குக.

அடுத்தது மாற்றிப் பார்த்தல். மின்னிணைப்பை நீக்கி, கணினியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை அகற்றிய பின்னரே தகட்டைத் தொடுக. இரு தகடுகளில் ஒன்றை மட்டும் விட்டு ஓட்டுக, பின் மற்றதை. பிழை தகட்டோடு சென்றால் தகடே குற்றவாளி. செருகுவாயோடு நின்றால் தாய்ப்பலகை. எங்குமே காணப்படாது மறைந்தால், கழற்றிச் செருகியதால் தொடுகை சீர்ப்பட்டிருக்கலாம். கடற்காற்றுப் படும் ஊர்களில் இது மிகுதி. பொன்பூசிய தொடுமுனைகளை இறப்பரால் தேய்ப்பாருளர். பூச்சு தேயுமாதலின் ஐசோபுரப்பைல் அற்ககோலில் நனைத்த துணியே நன்று. இம்மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்தல் இன்றியமையாதது. பொறுமையிழந்து மூன்றினை ஒருங்கே மாற்றுவார்க்குக் கணினி திருந்தினும் காரணம் தெரியாது.

ஐயம் எழுந்த அன்றே பலர் செய்வது தம் கோப்புக்களையெல்லாம் அதே கணினியினூடாகப் படியெடுத்து, பழைய படியின்மேல் எழுதுதல். ஒவ்வொரு கோப்பும் பழுதுற்ற நினைவகத்தின் வழியே செல்வதாதலின், நல்ல படியும் கெட்டுவிடக்கூடும். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்திப் படியெடுத்தலும், முன்னைய படிகளைத் தொடாது தனியே வைத்திருந்து, நினைவகம் மாற்றப்பட்ட பின் இரண்டனையும் ஒப்புநோக்குதலும் வேண்டும்.