பயண டிரெய்லரில் பழைய சீலன்ட்டை நீக்கிப் புதிதாக இடுதல்

பயண டிரெய்லர் என்பது கார் அல்லது பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். தமிழ்த் திரைப்படப் படப்பிடிப்புகளில் 'கேரவன்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தானே ஓடும் வண்டி. பயண டிரெய்லருக்கோ எஞ்சின் கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இவை மிகப் பரவலாக உள்ளன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள எல்கார்ட் வட்டாரமே இத்தொழிலின் தலைமையிடம்.

இந்த வண்டிகளின் கூரை, சன்னல், மூலை ஆகியவற்றில் இரு பாகங்கள் சந்திக்கும் இடுக்குகளை மழைநீர் புகாமல் மூடி வைத்திருக்கும் பசையே சீலன்ட். இது சில ஆண்டுகளில் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. அப்போது அதை நீக்கி, இடத்தைத் துப்புரவாக்கி, புதிய பசையை இட வேண்டியிருக்கிறது. பார்வைக்கு எளிய வேலைதான். ஆனால் பழைய டிரெய்லர்கள் குப்பைக்குப் போவதற்கு சக்கரம் காரணமாவதைவிட, கவனிக்காமல் விட்ட ஒரு விரற்கடை வெடிப்பு காரணமாவதே அதிகம்.

நீர் நுழையும் வழி

பெரும்பாலான டிரெய்லர்களின் சுவர் மெல்லிய மரச்சட்டங்களாலோ அலுமினியச் சட்டங்களாலோ ஆனது. அதன்மேல் வெளிப்புறத்தில் அலுமினியத் தகடோ கண்ணாடியிழைப் பலகையோ போர்த்தப்படுகிறது. உட்புறம் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளைவுட். கூரையில் பிளைவுட் பரப்பி, அதன்மேல் ரப்பர் விரிப்பு ஒட்டப்படுகிறது. இந்தப் பெட்டியில் சன்னல், கதவு, காற்றுப்போக்கி, விளக்கு என்று பல இடங்களில் துளை போட்டு, ஒவ்வொன்றையும் திருகாணிகளால் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு திருகாணியும் மரத்துக்குள் போகும் ஒரு துளை.

வீடு நின்ற இடத்தில் நிற்கும். டிரெய்லரோ நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் அதிர்ந்துகொண்டே ஓடுகிறது. வெப்பம் ஏறி இறங்கும்போது உலோகமும் மரமும் ஒரே அளவில் விரிவதில்லை. 7 மீட்டர் நீளமுள்ள அலுமினியப் பட்டை, வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் மரச்சட்டம் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே நகரும். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு நாளும் இழுபட்டுத் தாங்க வேண்டியது இடையில் உள்ள பசைதான். அது இறுகிப்போனால் ஏதாவது ஒரு பக்கம் விட்டுப் பிரியும். குளிர்காலத்தில் அந்த இடுக்கில் தங்கிய நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. இடுக்கும் அந்த அளவுக்கு அகலமாகிறது.

உள்ளே வந்த நீர் வந்த இடத்திலேயே சொட்டுவதில்லை. சட்டத்தின் வழியே ஓடி, எங்கோ ஒரு மூலையில் தரையை நனைக்கும். அலமாரியின் பின்சுவர் மெத்தென்று அமுங்குவது, சுவர்த்தாள் குமிழிடுவது, கதவோரத் தரை அசைவது, வெளிப்புறக் கண்ணாடியிழைப் பலகை வயிறு தள்ளுவது ஆகியவை அறிகுறிகள். இவை கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே மரம் பல மாதங்களாக நனைந்திருக்கும். இரு ஊசிகள் கொண்ட ஈரமானி இதை முன்கூட்டியே காட்டிவிடும். மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை பிடித்து உளுக்கும் அபாயம் உண்டு.

இரண்டு அடுக்குக் காப்பு

டிரெய்லரில் நீரைத் தடுப்பது ஒரே பசை அல்ல. சன்னல் சட்டம், மூலைப்பட்டை, காற்றுப்போக்கி ஆகியவற்றின் விளிம்புக்கு அடியில், வெளியே தெரியாதபடி, பியூட்டைல் நாடா என்ற ஒட்டும் பட்டை நசுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் நீரைத் தடுப்பது இதுதான். விளிம்பின்மேல் கண்ணுக்குத் தெரியும் பசைக் கோடு, இந்த நாடாவை வெயிலிலிருந்தும் நீரிலிருந்தும் காக்கும் இரண்டாவது அடுக்கு.

வெளிக்கோடு வெடித்திருப்பதைப் பார்த்தவுடன் அதன்மேலேயே இன்னொரு கோடு இழுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் வேலை. அடியில் உள்ள நாடா காய்ந்து போயிருந்தால், குறிப்பாகப் பழைய வண்டிகளில் வைக்கப்பட்ட எண்ணெய்ப் பட்டி நாடா கல்போல் இறுகியிருந்தால், மேலே எத்தனை கோடு இழுத்தாலும் ஓரிரு பருவத்தில் மீண்டும் பிரியும். அதைவிட மோசமானது, உள்ளே ஏற்கெனவே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுவிடுவது. பூசி மெழுகுவது என்ற சொல் இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும்.

கூரை

எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதும் தவறு. கூரையில் காற்றுப்போக்கி, குழாய் ஆகியவற்றைச் சுற்றி இடப்படும் பசை, இட்டதும் தானே பரவிச் சமனாகும் வகை. டைகார் நிறுவனத்தின் தயாரிப்பு இவ்வகையில் பெயர் பெற்றது. இந்தப் பசை கூரையின் ரப்பர் விரிப்போடு இறுகப் பிணைந்திருக்கும். நன்றாக ஒட்டியிருக்கும் பகுதியை வலிந்து பிடுங்கினால் விரிப்பும் கிழிந்து வரும். ஆகவே, மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு மட்டும் இருந்தால் துடைத்து அதன்மேல் அதே வகைப் பசையை இடலாம். ஓரம் தூக்கியிருப்பது, விரலால் அழுத்தினால் அசைவது, அடியில் ஈரம் தெரிவது ஆகிய பகுதிகளை மட்டும் நீக்க வேண்டும். காற்றுப்போக்கியையே கழற்றி மாற்றும்போது முழுவதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நீக்குவதற்குப் பிளாஸ்டிக் சுரண்டி போதும். ஹேர் டிரையராலோ, குறைந்த சூட்டில் வைத்த சூடுகாற்றுத் துப்பாக்கியாலோ பசையை இளக்கி, சுரண்டியைக் கூரையோடு படுத்தாற்போல் பிடித்துத் தள்ளினால் பட்டையாக எழும்பும். இரும்புத் தகடு ஒருமுறை வழுக்கினாலும் விரிப்பில் கீறல் விழும். அந்தக் கீறல் புதிய கசிவு. அடியில் மெல்லிய படலமாக ஒட்டியிருப்பதை விட்டுவிடலாம். புதிய பசை அதன்மேல் பிடித்துக்கொள்ளும்.

துடைக்கும் திரவத்தில் கவனம் தேவை. ரப்பர் விரிப்பில் இ.பி.டி.எம்., டி.பி.ஓ. என இரு வகைகள் பரவலாக உள்ளன. வெண்மையான மேற்பரப்புக்கு அடியில் கறுப்பாக இருப்பது இ.பி.டி.எம். காற்றுப்போக்கியின் உட்சட்டத்தைக் கழற்றி, வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெட்ரோலியக் கரைப்பான்களும் எலுமிச்சை எண்ணெய் கலந்த துப்புரவுத் திரவங்களும் இ.பி.டி.எம். விரிப்பை உப்பச் செய்து கெடுக்கும். சோப்பு நீரால் கழுவி, உலரவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இலேசாகத் துடைப்பது போதுமானது.

கூரையில் ஏறுவதற்கு முன், அது ஆளைத் தாங்குமாறு கட்டப்பட்டதா என்று வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். பல சிறிய டிரெய்லர்களின் கூரை அப்படிக் கட்டப்படுவதில்லை. அவற்றில் பக்கவாட்டில் ஏணி வைத்தே வேலை செய்கிறார்கள். தாங்கும் கூரையிலும் பிளைவுட் பலகை விரித்து அதன்மேல் முழங்காலிட்டால் எடை பரவும்.

மூலைப்பட்டைகளும் சன்னல்களும்

சுவரும் கூரையும் சந்திக்கும் ஓரம் முழுவதும் ஓர் அலுமினியப் பட்டை ஓடும். அதன் நடுவே உள்ள பிளாஸ்டிக் நாடாவை உருவினால் வரிசையாகத் திருகாணிகள் தெரியும். அவற்றைக் கழற்றும்போதே வண்டியின் நிலை தெரிந்துவிடும். பளபளப்பாக வந்தால் நலம். துருவேறி வந்தால் அந்த இடத்தில் நீர் புகுந்திருக்கிறது. பிடிப்பே இல்லாமல் சுழன்றால் உள்ளே மரம் மக்கியிருக்கிறது.

மக்கிய மரத்தைக் கண்டால் சீலன்ட் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். ஈரமாக மட்டும் இருந்தால் மின்விசிறியோ ஈரம் உறிஞ்சும் கருவியோ வைத்து, ஈரமானியின் அளவு இறங்கும்வரை, தேவையானால் வாரக்கணக்கில், உலரவிட வேண்டும். கையால் உதிரும் மரத்தை வெட்டி எடுத்துப் புதிய மரம் வைக்க வேண்டும். ஈர மரத்தை மூடி ஒட்டுவது, காயத்தைச் சீழோடு கட்டுவது போன்றது.

பட்டையைக் கழற்ற இருவர் இருப்பது நல்லது. நீண்ட அலுமினியப் பட்டை ஒருபுறம் தொங்கினாலே மடங்கிவிடும். மடங்கிய பட்டை பிறகு சுவரில் படியாது. ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டும் கழற்றி, அன்றே மாட்டி முடிப்பது பாதுகாப்பு. பழைய பட்டியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தபின், உலோகத்திலும் கண்ணாடியிழையிலும் எஞ்சிய பிசுக்கை மினரல் ஸ்பிரிட்டால் துடைக்கலாம். ஆனால் அது கூரை விரிப்பில் வழியக் கூடாது. கடைசியில் ஆல்கஹாலால் துடைத்தால் எண்ணெய்ப் பசை போகும். பின்னர் புதிய பியூட்டைல் நாடாவைப் பட்டையின் உட்பக்கம் ஒட்டி, பழைய துளைகளுக்கு நேராக வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைக் கையால் முடுக்க வேண்டும். மின்திருகி கொண்டு ஒரேயடியாக முடுக்கினால் நாடா முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். ஓரமெங்கும் சீராகச் சற்றே பிதுங்கும் அளவே சரியானது. இரண்டு மூன்று வெயில் நாட்கள் கழித்து மீண்டும் இலேசாக முடுக்கி, பிதுங்கியதை வெட்டி எடுக்கலாம்.

சன்னலின் வேலையும் இதுதான். பெரும்பாலான சன்னல்களுக்கு உட்புறம் ஒரு சட்டம் இருக்கும். அதன் திருகாணிகளை எடுத்தால் சன்னல் முழுதாக வெளிப்பக்கம் வரும். வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் திருகாணிகளை எடுக்கக் கூடாது. சன்னலின் அடிச்சட்டத்தில் சிறு துளைகள் உண்டு. சட்டத்துக்குள் சேரும் மழைநீர் வெளியேற அவை வைக்கப்பட்டவை. கசிவு என்று நினைத்து அவற்றை அடைத்தால் நீர் நிரம்பி வீட்டுக்குள் வழியும்.

அதேபோல் எரிவாயு ஹீட்டர், குளிர்பதனப் பெட்டி, வெந்நீர்க்கலம் ஆகியவற்றின் புகை வெளியேறும் வாயையும் காற்று நுழையும் வாயையும் அடைக்கவே கூடாது. அவற்றின் சட்டம் சுவரோடு சேரும் ஓரத்தில் மட்டுமே பசை இட வேண்டும். வாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கி, உறங்குபவர்களின் உயிரைப் பறிக்கும்.

சிலிக்கோன்

பழைய வண்டியை வாங்குபவருக்குப் பெரிய தலைவலி, முந்தைய உரிமையாளர் இட்டுவைத்த குளியலறைச் சிலிக்கோன். கடையில் மலிவாகக் கிடைப்பதால் கண்ட இடத்திலெல்லாம் இட்டிருப்பார்கள். அது ரப்பர் கயிறு போல இழுத்தால் வந்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத வழுக்கும் படலத்தை விட்டுச் செல்லும். அந்தப் படலத்தின்மேல் வேறெந்தப் பசையும் சரியாக ஒட்டாது. புதிய சிலிக்கோனும் ஒட்டாது. சிலிக்கோன் நீக்கித் திரவம் தடவி, சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, உலோகம் அல்லது கண்ணாடியிழை என்றால் மென்மையான தேய்ப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் துடைக்க வேண்டும். சிறிது நீர் தெளித்துப் பார்த்தால், அது முத்து முத்தாகத் திரளும் இடத்தில் படலம் இன்னும் இருக்கிறது.

காடி மணம் வீசும் சிலிக்கோன் வகை இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடும். அது உலோகத்தை அரிக்கும் என்பதால் அலுமினிய உடல் கொண்ட வண்டிகளுக்கு ஆகாது. 1930களில் வாலி பயம் என்பவர் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பளபளக்கும் வண்டிகள் இதற்கு எடுத்துக்காட்டு. அவற்றின் அலுமினியத்தில் விழும் கீறல் பளிச்சென்று தெரியும் என்பதால், மரச் சுரண்டியோ பிளாஸ்டிக் சுரண்டியோ தவிர வேறெதுவும் தொடக் கூடாது.

புதிய பசை இடுதல்

கூரையின் சமதளத்தில் தானே பரவும் வகை, சுவரின் செங்குத்துப் பரப்பில் வழியாத வகை என்பது அடிப்படை விதி. மாற்றி இட்டால், பரவும் பசை சுவரில் ஒழுகிக் கோலமிடும். பாலியூரித்தேன் பசைகள் மிக வலுவானவை. அந்த வலுவே குறையும் ஆகும், பின்னொரு நாள் கழற்ற வேண்டிய பாகத்தில் இட்டால் பாகம் உடைந்துதான் வரும். சில பாலியூரித்தேன் பசைகள் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளை வெடிக்கச் செய்யும் என்பதால் குழாயில் அச்சிட்டுள்ள குறிப்பைப் படித்தே இட வேண்டும்.

பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். வெப்பநிலை சுமார் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் வேலை எளிது. குளிரில் பசை தடித்துப் பரவ மறுக்கும். கூரையில் விளிம்பையும் எல்லாத் திருகாணித் தலைகளையும் மூடி, விளிம்புக்கு வெளியேயும் ஒரு விரல் அகலம் படியும்படி இட வேண்டும். சுவரில் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவே பசையை இட்டு, விரலால் நீவி, பசை தோல் கட்டுவதற்கு முன் டேப்பை உரித்தால் கோடு ஒழுங்காக நிற்கும். மேற்பரப்பு சில மணி நேரத்தில் காய்ந்தாலும், தடிமனான கூரைப் பசை உள்வரை இறுக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகலாம்.

சோதனை

குழாய் நீரைப் பீய்ச்சிப் பார்ப்பது பழைய முறை. அழுத்தமான நீர் நல்ல இணைப்பையும் பிரித்துவிடக் கூடும். மேலும், கசிவு தெரிவதற்குள் மரம் நனைந்துவிடும். பணிமனைகளில் எரிவாயுவையும் அடுப்பு, ஹீட்டர் அனைத்தையும் நிறுத்திவிட்டு, காற்றுப்போக்கிகளைத் தற்காலிகமாக மூடி, ஒரு விசிறியால் வண்டிக்குள் காற்றைச் செலுத்துகிறார்கள். வெளியே இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால், ஓட்டையுள்ள இடத்தில் குமிழி கிளம்பும். சோதனை முடிந்ததும் மூடியவற்றை எல்லாம் திறந்துவிட வேண்டும்.

வண்டிக் கையேடுகள் பலவும் 90 நாட்களுக்கு ஒருமுறையோ ஆறு மாதங்களுக்கு ஒருமுறையோ கூரை சீலன்ட்டைப் பார்வையிடச் சொல்கின்றன. பார்வையிட்டதற்குச் சான்று இல்லாவிட்டால் கசிவுச் சேதத்துக்கு உத்தரவாதம் மறுக்கப்படுவதும் உண்டு. அதனால் உரிமையாளர்கள் ஒவ்வொரு முறையும் தேதியுடன் நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.