இரவில் வந்த ரக்கூன்: காயமுற்ற கோழியைக் காப்பது எவ்வாறு?

பொழுதுபட்டதும் "கோழிகளை அடைத்தாயிற்றா?" என்று வீட்டின் மூத்தவர்கள் கேட்பது யாழ்ப்பாணத்தில் அன்றாட வழக்கம். மரநாய்க்கும் நரிக்கும் அஞ்சி எழுந்த கேள்வி அது. புலம்பெயர்ந்து வந்த இந்நாட்டிலும் அக்கேள்விக்கு அவசியம் இல்லாமற் போகவில்லை. ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகளிலும் புகையிரதப் பாதையோரங்களிலும் நரிகளும் கயோட்டிகளும் வாழ்கின்றன. பகலில் செவ்வால் பருந்து வட்டமிடுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொளுக்கியைக் கைவிரலால் நீக்கிக் கதவைத் திறக்கவல்ல ரக்கூன் வீட்டுக்கு வீடு உலாவுகின்றது.

எமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டின் கோடிப்புறத்தில் மூன்று பேடுகளை வளர்த்து வந்தது. கோடைகால இரவொன்றில் எழுந்த அலறல் கேட்டு அவர்கள் ஓடிச்சென்றபோது ஒரு பேடு இறந்து கிடந்தது. மற்றொன்றின் முதுகுத் தோல் கிழிந்திருந்தது. மூன்றாவது வேலி மூலையில் ஒடுங்கி நின்றது. காயப்பட்ட பேட்டுக்கு மஞ்சள் பூசி மீண்டும் கூட்டில் விட்டனர். மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லவில்லை. அனுமதியின்றிக் கோழி வளர்த்தமை வெளித்தெரிந்தால், விசாரணைக்குக் காத்திருக்கும் தமது அகதி விண்ணப்பத்துக்குக் கேடு நேருமோ என்ற அச்சமே காரணம். மறுநாள் மாலை அதுவும் இறந்தது.

அப்பேட்டைக் கொன்றது காயம் மட்டும்தானா, அன்றிக் காலதாமதமும் அச்சமும் சேர்ந்தா என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது.

முதல் ஒரு மணி நேரம்

தாக்கப்பட்ட கோழி பெரும்பாலும் காயத்தினால் உடனே இறப்பதில்லை. அதிர்ச்சியும் உடற்சூடு குறைதலும் அதன் உயிரைப் பறிக்கின்றன. கோழியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். ஆதலால் எந்த மருந்துக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, கையுறை அணிந்து அதனைத் துவாயொன்றினால் சுற்றி, வீட்டினுள் இருண்ட, அமைதியான இடத்தில், மட்டைப் பெட்டி ஒன்றில் வைப்பதாகும். பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் 27 முதல் 30 பாகை வரையான சூட்டில் வைத்திருத்தல் நன்று. வெப்பம் மிகுந்தால் கோழி மறுபக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

ஏனைய கோழிகளுடன் அதனை விட்டுவைத்தல் கூடாது. இரத்தத்தைக் கண்டால் கூட்டுக் கோழிகளே கொத்திக் கொன்றுவிடும். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்துச் சில நிமிடங்கள் விடாது அழுத்துதல் வேண்டும். நகமோ இறகின் அடியோ முறிந்து இரத்தம் கசிந்தால் சோளமா தூவலாம். குடிக்க நீரைப் பக்கத்தில் வைக்கலாம். சொண்டைத் திறந்து ஊற்றலாகாது. நீர் மூச்சுக்குழாயினுள் சென்றால் அதுவே ஆபத்தாகிவிடும்.

காயத்தைக் கழுவுதல்

கோழி சற்றுத் தெளிந்த பின்னர் இறகுகளை விலக்கி உடல் முழுவதையும் பார்த்தல் அவசியம். கிழிந்த தோல் கண்ணுக்குத் தெரியும். பல் பதிந்த சிறு துளை தெரியாது. ஆயினும் அத்துளையே கூடுதலாக நஞ்சேறுகின்றது. காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரிக்கலாம். பிடுங்கினால் மெல்லிய தோல் மேலும் கிழியும்.

கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்து அந்நீரைத் தாராளமாகப் பாய்ச்சிக் கழுவுதல் வேண்டும். அதன் பின்னர் தேநீர் நிறம் வரும்வரை நீர் கலந்த போவிடோன் அயடின் பயன்படும். ஐதரசன் பேரொட்சைட்டைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது ஆறிவரும் தசையையே அரித்துவிடும்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் எமது முன்னோர் கைக்கொண்டவை. அவற்றை நாம் பழிப்பதற்கில்லை. எனினும் கழுவாத காயத்தின்மேல் பூசிய மஞ்சள் அழுக்கை உள்ளே வைத்து மூடிவிடுவதுடன் காயத்தின் நிலையையும் மறைக்கின்றது. எண்ணெய் இறகில் ஊறினால் குளிரைத் தாங்கும் தன்மை குறைகின்றது. ஆழமான துளைகளை இறுக மூடிக் கட்டுவதும் தவறு. கோடை காலமாயின் இலையான் மொய்த்துப் புழு வைக்கும். ஆதலால் நாள்தோறும் இரு தடவை காயத்தைப் பார்த்தல் வேண்டும்.

குடல் வெளிவந்திருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, கால்கள் இரண்டும் செயலிழந்தாலோ, காயம் நாறத் தொடங்கினாலோ வீட்டு வைத்தியம் போதாது. எல்லா மிருக வைத்தியர்களும் கோழிகளைப் பார்ப்பதில்லை என்பதால் தொலைபேசியில் முற்கூட்டியே விசாரித்தல் நன்று. மனித மருத்துவத்திலும் முக்கியமான நுண்ணுயிர் எதிரி மருந்துகளை விலங்குகளுக்கு வாங்குவதற்கு 2018 டிசெம்பர் 1 முதல் கனடாவில் மிருக வைத்தியரின் மருந்துச் சீட்டு கட்டாயம். மருந்து கொடுக்கும் காலத்திலும், அதன் பின்னர் வைத்தியர் குறிப்பிடும் நாட்கள் வரையிலும் முட்டைகளை உண்ணலாகாது.

சட்டமும் அச்சமும்

ரொறன்ரோ நகரசபை 2018 மார்ச்சில் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கியது. நான்கு வட்டாரங்களில் மட்டும், பதிவு செய்துகொண்ட வீடுகள் நான்கு பேடுகள் வரை வளர்க்கலாம், சேவலுக்கு அனுமதியில்லை. எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோ அவ்வட்டாரங்களுள் அடங்கவில்லை. அத்திட்டமும் 2023 இல் முடிவுக்கு வந்தது. அயல் நகரங்களின் விதிகள் வெவ்வேறானவை. ஆகவே குஞ்சு வாங்குவதற்கு முன்னர் தத்தம் நகரசபையில் கேட்டறிதல் வேண்டும். ரொறன்ரோவில் அதற்கான இலக்கம் 311.

விதியை மீறுமாறு நாம் எவருக்கும் கூறவில்லை. ஆனால் நகரசபையின் உபவிதியை மீறுதல் குற்றவியல் சட்டத்தின் கீழான குற்றமன்று என்பதை அறிந்திருத்தல் நல்லது. ஐயம் இருப்பின் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அச்சத்தினால் துடிக்கும் உயிரொன்றைச் சாகவிடுதல் எவருக்கும் நன்மை பயப்பதன்று.

இதனினும் பாரதூரமானது மனிதருக்கு நேரும் காயம். கோழியை மீட்கச் சென்றவரை ரக்கூன் கடித்தாலோ பிறாண்டினாலோ அதனை மறைத்தல் ஆகாது. ரக்கூன்களிடையே விசர்நோய் 2015 டிசெம்பரில் ஹமில்ரன் பகுதியில் மீண்டும் காணப்பட்டது. நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் பிழைத்தல் அரிது. காயத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவி, அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். விசர்நோய்த் தடுப்பு மருந்து ஒன்ராறியோவில் பொதுச் சுகாதாரத் துறையினரால் வழங்கப்படுகின்றது.

காயம் எதுவுமின்றிக் கோழிகள் திடீரென இறந்தால் அது வேறு விடயம். 2022 இல் ஒன்ராறியோவின் பண்ணைகளை எட்டிய பறவைக் காய்ச்சலாக அது இருக்கக்கூடும். வெறுங்கையால் தொடாது மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

கூட்டைப் பலப்படுத்துதல்

ருசி கண்ட ரக்கூன் மறுநாளிரவும் வரும். கோழிவலை எனக் கடையில் விற்கப்படும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்குமேயன்றி ரக்கூனை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுடைய தடித்த கம்பிவலையே தேவை. அதனை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்து, மேற்புறத்தையும் மூடுதல் வேண்டும். கதவுக்கு இரு அசைவுகளில் மட்டுமே திறக்கும் பூட்டு அவசியம்.

காயமாறிய கோழியை உடனே கூட்டத்தில் விடாது, சில நாட்கள் வலைக்கு இப்பால் வைத்து ஒன்றையொன்று பார்க்கச் செய்து, பின்னர் சேர்த்துவிடுங்கள்.

மேற்சொன்ன குடும்பத்தினரின் மூன்றாவது பேடு பிழைத்துக்கொண்டது. பல நாட்கள் முட்டையிடாதிருந்து பின்னர் மீண்டும் இட்டது. அதனை அவர்கள் அனுமதியுள்ள ஊரொன்றில் வாழும் நண்பரிடம் ஒப்படைத்தனர். அங்கும் பொழுதுபடும் வேளையில் அதே கேள்வி கேட்கப்படுவதாக அறிகிறோம். கோழி வளர்க்கும் வாசகர்களே, மட்டைப் பெட்டியொன்று, பழைய துவாய் ஒன்று, கையுறை, உப்பு, கோழி பார்க்கும் மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை இன்றே ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.