ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து மோண்டே கஸினோ வரை

1938 ஜூன் 5. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிரேசிலும் போலந்தும் மோதிய உலகக் கோப்பை ஆட்டம். தோற்கிற அணி ஊர் திரும்ப வேண்டியதுதான். இடைவேளையில் பிரேசில் 3–1 என்று முன்னால் இருந்தது. முழு நேரம் முடிந்தபோது 4–4. கூடுதல் நேரத்தில் பிரேசில் 6–5 என்று தப்பித்தது. கால்பந்துச் சரித்திரம் அறிந்தவர்கள் இந்த ஆட்டம் என்றதும் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். மூன்று கோல் அடித்த பிரேசிலின் லியோனிதாஸ். தோற்ற அணிக்காக நான்கு கோல் அடித்த எர்னெஸ்ட் விலிமோவ்ஸ்கி.

நான் ஊர் அணிக்கு ஆடிய காலத்தில் எப்போதும் பேக்தான். அந்தப் பழக்கத்தில், எந்தப் பழைய ஆட்டத்தைப் படித்தாலும் பின்னால் நின்றவர்கள் யார் என்று தேடுவேன். அன்று போலந்தின் பின்வரிசையில் நின்ற இருவரில் ஒருவர் அந்தோனி கவெட்ஸ்கி.

1906இல் வூச் நகரில் பிறந்தவர். ஜவுளி ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த ஊர். அந்த ஊரின் எல்.கே.எஸ். கிளப்புக்கு ஆடி, அங்கிருந்து தேசிய அணிக்குப் போனார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிரிட்டனை 5–4 என்று தோற்கடித்து நான்காம் இடம் பிடித்த போலந்து அணியிலும் இருந்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் அவருக்கு 32 வயது. ஆயுளில் அவர் ஆடிய ஒரே உலகக் கோப்பை ஆட்டம் அது.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி கிழக்கிலிருந்து சோவியத் படை வந்தது. கவெட்ஸ்கி சீருடையில் இருந்தார். நாடு வீழ்ந்ததும் பல்லாயிரம் போலந்து வீரர்கள் ஹங்கேரிக்கும் ருமேனியாவுக்கும் எல்லை தாண்டினார்கள். அங்கே அவர்களை முகாம்களில் அடைத்தார்கள். ஆனால் ஹங்கேரி மக்களுக்குப் போலந்துக்காரர்கள்மீது பழைய பிரியம் உண்டு. காவலும் கெடுபிடியாக இல்லை. தப்பிப் போனவர்கள் ஏராளம். அவர்களில் நம் ஆட்டக்காரரும் ஒருவர்.

அவர் போய்ச் சேர்ந்த படைக்குக் கார்பாத்தியன் பிரிகேட் என்று பெயர். 1940இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சிரியாவில், கர்னல் ஸ்தானிஸ்லாவ் கொபான்ஸ்கியின் தலைமையில் உருவான படை. அந்த ஜூனில் பிரான்ஸ் சரணடைந்தது. சிரியாவிலிருந்த பிரெஞ்சுத் தளபதிகள், ஆயுதங்களை ஒப்படைத்துவிடுங்கள் என்றார்கள். கொபான்ஸ்கி மறுத்தார். துப்பாக்கிகளோடும் வண்டிகளோடும் முழுப் படையையும் பிரிட்டிஷ் வசமிருந்த பாலஸ்தீனத்துக்கு அழைத்துப் போனார். சொந்த நாடே கையில் இல்லாத ஒரு படை அன்று எடுத்த அந்த முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

1941 ஆகஸ்டில் இந்தப் படை லிபியாவின் டோப்ருக் துறைமுகத்துக்கு வந்தது. ஜெர்மன் தளபதி ரோமெலின் படைகள் ஏப்ரலிலிருந்தே ஊரைச் சுற்றி வளைத்திருந்தன. கடல் ஒன்றுதான் வழி. ஆளும் உணவும் குண்டும் இரவில் கப்பலில் வந்து இறங்கும். பகலில் பதுங்குகுழியை விட்டுத் தலையைத் தூக்கினால் எதிரில் குன்றின்மேல் இருப்பவன் சுட்டுவிடுவான். தண்ணீர் உப்புக்கரிக்கும், அதுவும் அளந்துதான். மணற்புயல், ஈ, தெள்ளுப்பூச்சி. டிசம்பரில் முற்றுகை விலகும்வரை இப்படியே போனது. சாதாரணமாகக் கால்பந்துக்காரர்கள் ஓய்வு பெறுகிற 35 வயதில் கவெட்ஸ்கி அங்கே சிப்பாயாக இருந்தார்.

அவரோடு ஆடியவர்கள் எங்கெங்கோ சிதறிப் போயிருந்தார்கள். 1938 உலகக் கோப்பைப் பட்டியலில் இடம் பெற்றிருந்த அந்தோனி விகோவை, அதே 1941இல் ஆஷ்விட்ஸ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். விலிமோவ்ஸ்கி அந்த ஆண்டிலிருந்து ஜெர்மனி அணிக்கு ஆடினார். போலந்து–ஜெர்மனி எல்லைப் பகுதியான சைலீசியாவைச் சேர்ந்த ஆட்டக்காரர்கள் சிலர் ஜெர்மன் ராணுவத்துக்கே இழுத்துக்கொண்டு போகப்பட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. இரண்டு தேசங்களும் உரிமை கொண்டாடிய மண்ணில் பிறந்தவர்களின் நெருக்கடி வேறு.

கார்பாத்தியன் பிரிகேட் பிறகு டிவிஷனாக வளர்ந்து, ஜெனரல் ஆண்டர்ஸின் இரண்டாம் போலந்துப் படையணியோடு இத்தாலிக்குப் போனது. ரோம் நகருக்குப் போகும் சாலையை மறித்து நின்றது மோண்டே கஸினோ மலை. அமெரிக்கர்கள் முயன்றார்கள், நியூசிலாந்துக்காரர்களும் நம் நான்காம் இந்திய டிவிஷனும் முயன்றார்கள். முடியவில்லை. நம்மூர் வாசகர் ஒரு பெயரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று, அந்த மலைக்குத் தென்கிழக்கே மின்யானோ பக்கத்தில், கூட்டாளிகளைக் காப்பாற்றக் கண்ணிவெடியின்மேல் விழுந்து உயிரைக் கொடுத்தவர். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது.

மே 11 இரவு போலந்துக்காரர்களின் முறை. முதல் தாக்குதல் உடைந்து போனது. 17ஆம் தேதி மறுபடி ஏறினார்கள். 18ஆம் தேதி காலை மலையுச்சியில் இடிந்து கிடந்த மடாலயத்தில் போலந்துக் கொடி பறந்தது. அந்த மலைச்சரிவிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலந்து வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். டோப்ருக்கில் நின்ற கவெட்ஸ்கி மோண்டே கஸினோவிலும் போரிட்டார், உயிரோடு திரும்பினார்.

போர் முடிந்தபோது ஆண்டர்ஸின் வீரர்களில் பெரும்பாலோர் போலந்துக்குத் திரும்பவில்லை. பலருடைய ஊர்கள் சோவியத் எல்லைக்குள் போய்விட்டன. புதிய ஆட்சிக்கோ, மேற்கிலிருந்து வந்த சிப்பாய் என்றாலே சந்தேகம். அதைத் தெரிந்துகொண்டே கவெட்ஸ்கி ஊர் திரும்பினார். பிறந்த வூச் நகரிலேயே 1958இல், 52ஆம் வயதில் இறந்தார்.

ஸ்ட்ராஸ்பர்க் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். விலிமோவ்ஸ்கியின் நான்கு கோல்களைச் சொல்லுங்கள். அதோடு, பின்னால் நின்றவர்களில் ஒருவர் டோப்ருக்கிலும் மோண்டே கஸினோவிலும் போர்புரிந்தவர் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.