எந்திர மனிதப் பந்தயத்தை இரண்டாகப் பிரித்தார்கள்!

குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவே காவிரி ஓடுகிறது. பாலத்தைத் தாண்டினால் அடுத்த ஊர். ஆனால் குமாரபாளையம் நாமக்கல் மாவட்டம். பவானி ஈரோடு மாவட்டம். மாவட்டப் போட்டி என்று வந்துவிட்டால், அக்கரைப் பிள்ளை ஈரோடு பக்கம் போவான். இக்கரைப் பிள்ளை நாமக்கல் பக்கம் போவான். இருவரும் மோத வேண்டுமானால், இருவருமே ஜெயித்து மாநிலப் போட்டிக்கு வர வேண்டும்.

அந்த மாநிலப் போட்டியே இல்லை என்றால்?

அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது!

எந்திரங்களின் சடுகுடு

அங்கே "பர்ஸ்ட்" என்ற அமைப்பு, மாணவர்களுக்கு எந்திர மனிதப் பந்தயம் நடத்துகிறது. எந்திர மனிதன் என்றால் கை, கால் முளைத்த பொம்மை அல்ல. மோட்டாரும் பாட்டரியும் வைத்து மாணவர்கள் செய்யும் வண்டி. 50 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். இந்தப் பக்கம் மூன்று வண்டி, அந்தப் பக்கம் மூன்று வண்டி. 2017-ம் ஆண்டுப் பந்தயத்தில் முதல் 15 விநாடிக்கு அவற்றை யாரும் ஓட்டக் கூடாது. தானாகவே ஓட வேண்டும். ஊடை நூல் அறுந்தால் விசைத்தறி தானே நின்றுவிடுகிறது அல்லவா? அந்த வித்தையின் பேரப்பிள்ளை இது.

1992-ல் ஒரு பள்ளிக்கூடத்தில் 28 அணிகளோடு தொடங்கிய பந்தயம் இது. கால் நூற்றாண்டில் அணிகள் 3 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. இறுதி விழாவிலோ சுமார் 600 அணிகளுக்குத்தான் இடம்!

எனவே விழாவை இரண்டாக்கப் போவதாக 2015-ல் அறிவித்தார்கள். 2017-ல் ஹூஸ்டன் நகரில் ஒன்று. அடுத்த வாரமே செயின்ட் லூயிஸ் நகரில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 400 அணிகள். 600 இடம் 800 ஆயிற்று. பல ஆயிரம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது.

"யார் முதல்வன்?"

யாருக்கு எந்த நகரம் என்பதைப் பூகோளப் படத்தைப் பார்த்துத் தீர்மானித்தார்கள். கலிபோர்னியா ஹூஸ்டனுக்கு, மிச்சிகன் செயின்ட் லூயிஸுக்கு. பயணச் செலவுக்கு இது நியாயம். ஆட்டத்துக்கு? இரண்டுமே பலசாலி அணிகள் நிறைந்த மாநிலங்கள். அவை விழாவில் சந்திக்கவே முடியாது! மாணவர்கள் முணுமுணுத்தார்கள்.

சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் என்ன? பாரபட்சம் இராது. ஆனால் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்று பெற்றோர் கடைசிவரை காத்திருக்க வேண்டும்.

வயதை வைத்துப் பிரிப்பதும் உண்டு. 2016-ல் டில்லி அருகே நடந்த உலக ரோபோ ஒலிம்பியாட்டில் 12 வயது வரை ஒரு பிரிவு, 15 வரை ஒரு பிரிவு, 19 வரை ஒரு பிரிவு. சின்னப் பையனைப் பெரியவனோடு மோத விடுவதில்லை. இதில் யாருக்கும் வருத்தமில்லை.

பர்ஸ்ட் விழாவிலும் ஒவ்வொரு நகரிலும் 400 அணிகளை ஆறு களங்களாகப் பிரித்தார்கள். அதற்கு இவ்வளவு கூச்சல் இல்லை. ஏன்? ஆறு களத்தில் ஜெயித்தவர்களும் கடைசியில் ஒரே களத்தில் மோதினார்கள். நகரம் இரண்டானபோது அந்தக் கடைசி மோதல்தான் காணாமல் போயிற்று. குறை பிரித்ததில் இல்லை, திரும்பச் சேர்க்காததில்தான்.

2017 ஜூலையில் இரு நகரத்து வெற்றியாளர்களையும் மான்செஸ்டர் என்ற அமெரிக்க ஊருக்கு வரவழைத்து மோத விட்டார்கள். 2018-லும் 2019-லும் செயின்ட் லூயிஸுக்குப் பதில் டெட்ராய்ட் நகரம் வந்தது. விழா இரண்டாகவே இருந்தது.

2020-ல் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2022-ல் மீண்டும் ஒரே விழா, ஹூஸ்டனில். ஒரே முதல்வன் கிடைத்துவிட்டான். ஆனால் 2023-ல் அங்கே இடம் பெற்றவை சுமார் 600 அணிகள்தான். கூடுதலாகக் கிடைத்திருந்த அந்த 200 இடம் போயே போயிற்று!