ஓங்கிய கை – 14: வண்டிக்காரர் யார் கணக்கில்?

போன வாரம் தென்னாப்பிரிக்காவில் விட்டோம். ஆள் உயிரைத் தொடாமல் மின்கம்பத்தைச் சாய்ப்பது என்று 1961-இல் மண்டேலாவின் கூட்டாளிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கோடு. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் நம் ஊர் தற்காப்புச் சட்டம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் மாஸ்கோ குறுக்கே வந்துவிட்டது. விட மாட்டேன் என்கிறது.

1905, ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி பிப்ரவரி 2. இரவு. கிராண்ட் டியூக் செர்கெய் போல்ஷோய் அரங்கத்துக்கு வரப்போகிறார். ஜார் நிக்கோலஸுக்கு இவர் சித்தப்பா. பெண் எடுத்த வகையில் சகலையும்கூட. 1891 முதல் மாஸ்கோவின் கவர்னர் ஜெனரல். பதவிக்கு வந்த கையோடு ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்களை நகரத்தை விட்டுத் துரத்தியவர். சோஷலிஸ்ட் புரட்சிக் கட்சியின் ‘போர் அமைப்பு’ அவருக்கு நாள் குறித்திருந்தது.

தெருவில் குண்டோடு நிற்பவர் இவான் கலியாயெவ். வயது 27. கவிதை எழுதுவார், தோழர்கள் அவரைக் ‘கவிஞர்’ என்றே கூப்பிட்டார்கள். வண்டி வருகிறது. ஓடிப்போய்க் கையை ஓங்குகிறார். உள்ளே செர்கெயின் மனைவி எலிசபெத், எதிரே இரண்டு பிள்ளைகள்: தம்பி மக்களான மரியா, திமித்ரி. பெண்ணுக்கு 14, பையனுக்கு 13. ஓங்கிய கை இறங்கியது. வண்டி போய்விட்டது.

கலியாயெவ் நேரே பூங்காவில் காத்திருந்த தலைவர் சவின்கோவிடம் போனார். தான் செய்தது சரிதானே, குழந்தைகளைக் கொல்லலாமா என்று கேட்டார். அமைப்பு கொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், அவர்கள் திரும்பி வரும்போது வீசுகிறேன் என்றும் சொன்னார். சவின்கோவ் வேண்டாம் என்றார். குண்டு தயாரித்த டோரா பிரில்லியன்ட்டும் அதையே சொன்னார். மாதக்கணக்கில் போட்ட திட்டம், பிடிபட்டால் தூக்கு என்று தெரிந்த ஆட்கள். ஒருவரும் கலியாயெவைக் கடிந்துகொள்ளவில்லை. இதை வைத்து பிரெஞ்சு எழுத்தாளர் கம்யூ 1949-இல் ஒரு நாடகமே எழுதினார்.

இரண்டு நாள் கழித்து, 4-ஆம் தேதி பிற்பகல், கிரெம்ளின் வளாகத்தில் செர்கெய் தனியாக வந்தார். சில அடி தூரத்திலிருந்து குண்டு வீசப்பட்டது. எலிசபெத் அரண்மனையிலிருந்து ஓடிவந்து, பனியில் சிதறிக் கிடந்த கணவரின் உடலைத் தன் கையாலேயே சேகரித்தார். பிறகு சிறைக்குப் போய்க் கொலையாளியைப் பார்த்தார். ஒரு சாமி படத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். மே மாதம் கலியாயெவைத் தூக்கிலிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. ஆசிரியர் முறைத்தாலும் பரவாயில்லை. உயிர் தப்பினானே திமித்ரி, அந்தப் பையன்தான் 1916-இல் ரஸ்புடினைக் கொன்ற கூட்டத்தில் ஒருவன். தண்டனையாக அவனைப் பாரசீக எல்லைக்கு அனுப்பினார்கள். அதனாலேயே புரட்சியின் கையில் சிக்காமல் இரண்டாவது முறையும் தப்பினான். எலிசபெத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்குள் கன்னியாஸ்திரீ ஆகிவிட்டிருந்த அவரை 1918-இல் போல்ஷெவிக்குகள் சுரங்கக் குழியில் தள்ளிக் கொன்றார்கள்.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். கலியாயெவை எல்லோரும் மனசாட்சியுள்ள கொலையாளி என்று கொண்டாடுகிறார்கள். நானும் பாதி தூரம் அவர்களோடு வருவேன். ஆனால் அந்த வண்டியை ஓட்டியவர் ஒருவர் இருந்தாரே? பெயர் ஆந்திரெய் ருதின்கின். கிராண்ட் டியூக்கின் வண்டி எது, மனைவியின் வண்டி எது என்று அமைப்பு அடையாளம் வைத்திருந்ததே இந்த ருதின்கினின் முகத்தை வைத்துத்தான். குண்டு விழுந்தால் முன் இருக்கையில் இருப்பவரும் அடிபடுவார் என்பது யாருக்கும் தெரியாததல்ல. இதில் உறுத்துவது, வேவு பார்ப்பதற்காகக் கலியாயெவே வாரக்கணக்கில் மாஸ்கோவில் குதிரை வண்டி ஓட்டியிருக்கிறார்! அந்த இருக்கையின் குளிர் அவருக்குத் தெரியும். பிள்ளைகளைப் பார்த்து இறங்கிய கை ருதின்கினைப் பார்த்து இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அவரைப் பார்க்க எலிசபெத் துக்க உடையை மாற்றிக்கொண்டு போனார். ‘எஜமானர் எப்படி இருக்கிறார்’ என்று கேட்டவரிடம், அவர்தான் என்னை அனுப்பினார் என்று பொய் சொன்னார். ருதின்கின் சில நாளில் இறந்துபோனார்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வருடத் தொடக்கத்திலேயே செர்கெய் கவர்னர் பதவியை விட்டுவிட்டார். ராணுவப் பொறுப்பு மட்டும் கையில் இருந்தது. வரப்போகும் தீங்கைத் தடுக்க அடித்தார்களா, நடந்து முடிந்ததற்குத் தண்டித்தார்களா? தண்டனை என்றால், அதைக் கொடுக்கும் அதிகாரம் யார் தந்தது? என்னைக் கேட்டால் இந்தக் கொலை நியாயத்தின் பக்கம் நிற்கவில்லை. பிள்ளைகளை விட்டது பெரிய குணம்தான்; அது வண்டிக்காரருக்கு ஈடாகாது.

தற்காப்புச் சட்டம் அடுத்த வாரம், இந்த முறை நிச்சயம். அதற்குள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 44-ஆம் பிரிவை ஒரு தடவை படித்துவிடுங்கள், பழைய இ.பி.கோ.வில் 106. ஒரு கும்பல் உங்களைக் கொல்ல வருகிறது, சுட்டால்தான் தப்பலாம், கும்பலுக்குள் சின்னப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள். சுட்டதில் பிள்ளைகள் அடிபட்டாலும் நீங்கள் குற்றவாளி இல்லை என்று அந்தப் பிரிவே உதாரணம் போட்டுச் சொல்கிறது.