சென்னிமலைப் போர்வையும் கொழும்புத் துறைமுகமும்

ஈரோடு மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் சென்னிமலையில் தறியிலிருந்து இறங்கி, மடித்துப் பெட்டியில் அடைத்த போர்வை ஐரோப்பா போய்ச் சேர வேண்டுமென்றால், அதற்குக் கடல்தான் வழி. தூத்துக்குடியில் சிறிய ஃபீடர் கப்பலில் ஏறும் கன்டெய்னர்களில் பல, கொழும்பில் இறங்கித் தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. அந்தக் கொழும்பில்தான் வல்லரசுகளின் போட்டி நடக்கிறது.

2013-ல் அங்கே திறந்த முனையத்தில் 85 சதவீதப் பங்கு சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துடையது. 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகமும் 99 ஆண்டுக் குத்தகையில் அதே நிறுவனத்திடம் போனது. இந்தியா கவலை தெரிவித்தும், 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. கொழும்பின் கிழக்கு முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்த 2019-ல் போட்ட ஒப்பந்தத்தை, தொழிற்சங்க எதிர்ப்பைக் காரணம் காட்டி 2021-ல் இலங்கை கைவிட்டது. பதிலுக்குக் கிடைத்த மேற்கு முனையத்தை அதானி குழுமம் கட்டியது. அதற்கு 55.3 கோடி டாலர் கடன் தர அமெரிக்க அரசு நிறுவனம் முன்வந்தது. 2024 டிசம்பரில் அந்தக் கடனே வேண்டாம் என்றது அதானி தரப்பு. 2025 ஏப்ரலில் முனையம் இயங்கத் தொடங்கியது.

கொழும்பைத் தாண்டினாலும் நிம்மதி இல்லை. 2023 நவம்பரில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. சுமார் இரண்டு வாரம் கூடுதல் பயணம். அமெரிக்கா டிசம்பரில் கூட்டுக் கடற்படை நடவடிக்கையை அறிவித்தது. இந்தியா அதில் சேராமல், அரபிக்கடலில் தன் போர்க்கப்பல்களை நிறுத்தியது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் சரக்கு போய்ச் சேர்ந்தபின் பணம் வாங்கும் ஏற்றுமதியாளருக்கு, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் நூல் வாங்கிய கடனின் வட்டி ஏறிக்கொண்டே போகும். அந்தச் சுமை கடைசியில் வந்து விழுவது தறிக்காரர் கூலியில்தான்.

இதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்து 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர் வ.உ.சி. பின்னர் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அவர் பெயர் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகத்தில் தாய்க்கப்பல்கள் நேராக வந்து நிற்பதற்கான வெளித்துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஆனால் அதே நோக்கத்துக்கான கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதமே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. தூத்துக்குடிப் பணியை விரைந்து முடிக்கச் சொல்லி ஈரோடு, திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர் சங்கங்களும் கொங்கு மண்டல எம்.பி.க்களும் ஒரே குரலில் டெல்லியைக் கேட்க வேண்டும்.