பழைய உல்லாசப் படகு: பணம் கைமாறும் முன் பார்க்க வேண்டியவை

பங்குனி மாதத்தில் ஒன்ராறியோவின் எந்தப் படகுத்துறைக்குப் போனாலும், வெள்ளைப் பிளாஸ்ரிக் உறை போர்த்திய படகுகள் தாங்குகளின் மேல் வரிசையாக நிற்பதைக் காணலாம். சிலவற்றில் ‘விற்பனைக்கு’ என்ற அட்டையும் தொங்கும். முப்பது, முப்பத்தைந்து அடி நீளம். உள்ளே படுக்கை, குசினி, குளியலறை. இருபது, முப்பது வருடம் பழையதென்றால் விலை ஒரு புதிய காரின் விலைக்கும் கீழே இறங்கியிருக்கும். றிச்மண்ட் ஹில்லில் வீட்டுக் கடனை ஓரளவு அடைத்து, பிள்ளைகளையும் வளர்த்துவிட்ட குடும்பம் ஒன்று, கோடையில் சிம்கோ ஏரியில் இரண்டு நாள் மிதக்க ஆசைப்படுவதில் தவறில்லை.

நாங்கள் கலம் கட்டிய சமூகம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். 1938 இல் அது அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. ஆனால் அது மரக்கலம். உளுத்த பலகையைக் கண் காணும், கத்திமுனை கண்டுபிடிக்கும். கண்ணாடி இழைப் படகு அப்படியல்ல. அதன் பழுது பளபளக்கும் மேற்பூச்சுக்குக் கீழே வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

காருக்கு உள்ள காவல் படகுக்கு இல்லை

ஒன்ராறியோவில் தனியார் ஒருவர் பழைய காரை விற்கும்போது, பாவித்த வாகனத் தகவல் பொதியை வாங்குபவரிடம் கொடுக்கவேண்டும். முந்தைய உரிமையாளர்கள் யார், கடன் பாக்கி பதியப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். கார் விற்பனையாளர்களைக் கண்காணிக்க ஒம்விக் என்ற அமைப்பும் உண்டு. படகுக்கு அந்தப் பொதியும் இல்லை, ஒம்விக்கின் அதிகாரமும் இல்லை. கார் வாங்கிய பழக்கத்தில் படகு வாங்குகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். படகு விடயத்தில் உங்களைக் காப்பது நீங்களே செய்விக்கும் பரிசோதனையும், நீங்களே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும்தான்.

விற்பவர் யார்?

படகு விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திடம் சொந்தப் பாவனைக்கு வாங்கினால், ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். பொருள் தரமானதாக இருக்கவேண்டும் என்ற சட்ட நிபந்தனையை, ‘உள்ளபடியே விற்கப்படுகிறது’ என்ற ஒரு வரியால் நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. எனினும் பழைய படகின் தரம் அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்பவே அளக்கப்படும். நீங்கள் முன்கூட்டியே பார்வையிட்டிருந்தால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்குப் பின்னர் உரிமை கோர முடியாது.

தனியாரிடம் வாங்கும்போது இந்தக் காவல் மிகவும் சுருங்கிவிடும். விற்கும் உரிமை அவருக்கு இருக்கவேண்டும், பொருள் விபரித்தபடி இருக்கவேண்டும் என்பவை பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது நிபந்தனைகள். தரத்துக்குப் பொதுவாக உத்தரவாதம் இல்லை. தனியார் விற்பனையில் ‘உள்ளபடியே’ என்ற சொல்லுக்கு முழுப் பலமும் உண்டு. இடையில் தரகர் இருந்தால், அவர் பெரும்பாலும் விற்பவரின் பிரதிநிதி என்பதை மறக்கவேண்டாம். அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவருடைய கூலி விற்பனை முடிந்தால்தான் வரும்.

பளபளப்புக்குக் கீழே

முதலில் அடிப்பாகம். கண்ணாடி இழைக்குள் நீர் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். வருடக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும் படகின் மேற்பூச்சை ஊடுருவி நீர் மெல்ல உள்ளே போகும். அங்குள்ள பிசினில் கரையக்கூடியவற்றைக் கரைத்து ஓர் அமிலக் கரைசலாகும். பள்ளிக்கூடத்தில் படித்த பிரசாரணம் அங்கே தொடங்கும். வெளிநீர் மேலும் உள்ளே இழுக்கப்பட்டு, அழுத்தம் கூடி, மேற்பரப்பில் கொப்புளங்கள் எழும். கொப்புளத்தை உடைத்தால் வினாகிரி வாடை அடிக்கும். கடல்நீரைவிட நன்னீரில் இது விரைவாக நடக்கும். ‘இந்தப் படகு உப்பே கண்டதில்லை’ என்று விளம்பரம் சொல்வது இயந்திரத்துக்கு நல்ல செய்தி, அடிப்பாகத்துக்கு அல்ல. நாலைந்து சிறு கொப்புளங்களுக்காகப் பயப்படவேண்டியதில்லை. அடி முழுவதும் பரவியிருந்தால், மேற்பூச்சைச் சுரண்டி, மாதக்கணக்கில் உலர்த்தி, மீண்டும் பூசவேண்டிவரும்.

கொப்புளத்தைவிடப் பெரிய ஆபத்து மேற்தளத்தில் இருக்கிறது. எடையைக் குறைக்க, இரண்டு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே பல்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்துக் கட்டுவது வழக்கம். கைபிடிக் கம்பிகள், கயிறு கட்டும் கொழுவிகள், யன்னல்கள் பூட்டிய துளைகளில் அடைப்புப் பசை காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். மரம் உக்கும். பிறகு கனடாவின் குளிர்காலம் வரும். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய 9 வீதம் கூடும். அது மரத்தையும் தகட்டையும் பிரித்துவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பிளவை இன்னும் கொஞ்சம் அகலமாக்கும்.

இதை நீங்களே ஓரளவு கண்டறியலாம். பிளாஸ்ரிக் தலையுள்ள சிறு சுத்தியலால் தளத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே நடவுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாகத் தொம்மென்று கேட்கும். கால் வைத்தால் தளம் அமுங்குகிறதா, கொழுவிகளைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடிப்புகள் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். இயந்திரத்தைத் தாங்கும் நீளச் சட்டங்களும் பின்பலகையும் உள்ளே மரம் வைத்துக் கட்டப்பட்டவையாக இருக்கலாம். அங்கே உக்கல் இருந்தால் திருத்தச் செலவு படகின் விலையையே தாண்டலாம்.

இயந்திரம், எரிபொருள், மின்சாரம்

ஏரி நீரையே உள்ளிழுத்துக் குளிரும் இயந்திரத்தில், குளிர்காலத்துக்கு முன் நீரை வடிக்க ஒருமுறை மறந்தாலும் இரும்பு உடல் வெடித்துவிடும். ஒவ்வொரு வருடமும் குளிர்காலத் தயாரிப்பு செய்த பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். அமுக்கப் பரிசோதனை செய்வியுங்கள், எண்ணெய் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் போகும்போது இயந்திரம் குளிர்ந்திருக்கவேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால்தான் இயந்திரத்தைத் தொடக்குமுன் குறைந்தது நான்கு நிமிடம் காற்றோட்ட விசிறியை ஓடவிடச் சொல்கிறார்கள். பழைய எரிபொருள் குழாய்கள், அரித்துப்போன அலுமினியத் தாங்கி, கண்டபடி ஒட்டுப்போட்ட மின்கம்பிகள் மூன்றும் சேர்ந்தால் அது பிள்ளைகளை ஏற்றக்கூடிய படகே அல்ல. உட்கூடத்தில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பரிசோதகரை நீங்களே அமர்த்துங்கள்

சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, வேண்டாத படகைக் கழித்துக்கட்ட மட்டுமே உதவும். வாங்க முடிவெடுத்தால் மரீன் சர்வேயர் என்ற படகுப் பரிசோதகர் அவசியம். இந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம் என்பதால், சாம்ஸ் அல்லது நாம்ஸ் என்ற தொழில்சார் சங்கங்களின் அங்கீகாரம் உள்ளவரா என்று கேளுங்கள். விற்பவரோ தரகரோ கைகாட்டும் ஆளை அமர்த்த வேண்டாம். விற்பவர் வைத்திருக்கும் பழைய அறிக்கையை நம்பியும் வாங்க வேண்டாம். பரிசோதகர்கள் பலர் இயந்திரத்தின் உள்நிலையைச் சோதிப்பதில்லை. அதற்குத் தனியாக ஒரு மெக்கானிக் வேண்டும்.

காலமும் முக்கியம். உறைந்த நீரை ஈரமானி சரியாகக் காட்டாது. கடும் குளிரில் எடுத்த அளவீடு ‘ஈரமே இல்லை’ என்பதற்குச் சான்றாகாது. தாங்கில் நிற்கும் படகை ஓட்டிப் பார்க்கவும் முடியாது. குளிர்காலத்தில் வாங்கினால், வசந்தத்தில் நீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கும்வரை விலையின் ஒரு பகுதியை நிறுத்திவைக்க எழுதிக்கொள்ளுங்கள்.

கடதாசிகள்

படகின் பின்பக்கம், வலது மேல்மூலையில் 12 எழுத்து இலக்கங்கள் கொண்ட கல அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். கனடாவில் 1981 ஓகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். கட்டிய வருடம் இதில் அடங்கியிருப்பதால், விளம்பரத்தில் சொன்ன வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுரண்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகுக்குப் பொதுவாக மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரம் உரிமைக்குச் சான்று அல்ல. விற்பவரின் கொள்வனவுப் பத்திரத்தைக் கேளுங்கள். படகு கனடியக் கப்பல் பதிவேட்டில் பதியப்பட்டிருந்தால் அதன்மேல் அடமானம் இருக்கிறதா என்று அங்கே தேடலாம். பதியப்படாவிட்டால், விற்பவரின் முழுச் சட்டப் பெயரை வைத்து ஒன்ராறியோவின் அசையும் சொத்துப் பிணைப் பதிவேட்டில் தேடுங்கள். நிறுத்தக் கட்டணமோ திருத்தக் கூலியோ பாக்கியிருந்தால், படகுத்துறைக்குப் படகின் மேலேயே உரிமை உண்டு. பாக்கி எதுவும் இல்லை என்று துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தமும் முற்பணமும்

பரிசோதனை, ஓட்டப் பரிசோதனை, காப்புறுதி மூன்றும் உங்களுக்குத் திருப்தி தந்தால்தான் விற்பனை, இல்லாவிட்டால் முற்பணம் முழுவதும் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். முற்பணம் விற்பவரின் கைக்கு நேரே போகாமல் நம்பிக்கைக் கணக்கில் இருக்கட்டும். ‘விபத்தில் சிக்கியதில்லை’, ‘நீரில் மூழ்கியதில்லை’ என்று வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள்.

செலவுக் கணக்கையும் முதலே போடுங்கள். தனியாரிடம் வாங்கினாலும் 13 வீத விற்பனை வரி உண்டு. நிறுத்துமிடம், குளிர்கால வைப்பு, தூக்கி இறக்கும் கூலி, காப்புறுதி எல்லாம் வருடாவருடம் வரும். பழைய படகுக்குச் சர்வே அறிக்கை இல்லாமல் பல காப்புறுதி நிறுவனங்கள் காப்பு வழங்குவதில்லை. 2.6 மீற்றருக்கு மேல் அகலமான படகை விசேட அனுமதி இல்லாமல் வீதியில் இழுத்துவர முடியாது என்பதால், றிச்மண்ட் ஹில் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கலாம் என்று எண்ணவேண்டாம். ஓட்டுபவருக்குப் படகு இயக்குநர் அட்டையும் வேண்டும்.

திருத்த முடியாத படகை எங்காவது விட்டுவிட்டு வரவும் இயலாது. 2019 இல் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டம் படகைக் கைவிடுவதைத் தடைசெய்கிறது. தனிநபருக்கு 50,000 டொலர் வரை நிர்வாகத் தண்டம் விதிக்கலாம்.

ஏமாற்றப்பட்டால்

குறை தெரிந்ததும் படம் எடுத்து, சுயாதீனப் பரிசோதகரின் அறிக்கையோடு விற்பவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதற்கு முன் திருத்தவேலை தொடங்க வேண்டாம், சான்று அழிந்துவிடும். பொய் சொல்லி விற்ற நிறுவனமென்றால், ஒப்பந்தம் செய்த ஒரு வருடத்துக்குள் அதை இரத்துச் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் முறையிடலாம். தனியார் என்றாலும், தெரிந்தே பொய் சொன்னதையோ குறையை வேண்டுமென்றே மூடிமறைத்ததையோ நிரூபித்தால் நட்டஈடு கோரலாம். 2025 ஒக்ரோபர் முதல் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் 50,000 டொலர் வரை வழக்குத் தொடரலாம். பழைய படகுகள் பலவற்றின் விலை இந்த எல்லைக்குள் அடங்கும். றிச்மண்ட் ஹில்லிலேயே ஹை டெக் வீதியில் அத்தகைய நீதிமன்றம் உண்டு. குறையை அறிந்த, அல்லது அறிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து பொதுவாக இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக ஒரு சட்டத்தரணியுடன் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம்.

ஆனால் வழக்கு வென்றாலும் ஒரு கோடை போய்விடும், காசு திரும்ப வருமென்ற நிச்சயமும் இல்லை. கையெழுத்துப் போடும்வரை, எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிவரும் உரிமை உங்களுடையது. அதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்த நீதிமன்றமும் தராது. இந்தக் கிழமை ஒரு படகைப் பார்க்கப் போகிறீர்களென்றால், காசோலைப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு ரோச் லைற்றையும் ஒரு சிறு சுத்தியலையும் எடுத்துச் செல்லுங்கள்.